முட்டைக் கணக்கில் வராத வேலைகள்

பொரிப்பகத்தின் விலைப்பட்டியலில் ஒவ்வோர் இனத்துக்கும் நேராக இரண்டு எண்கள் இருக்கும். ஆண்டுக்கு எத்தனை முட்டை என்பது ஒன்று. எத்தனையாவது வாரத்தில் எவ்வளவு எடை என்பது மற்றொன்று. வீட்டுக்குப் பின்னால் பத்து இருபது கோழி வளர்க்க நினைக்கிறவர் பெரும்பாலும் இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா, புறக்கடையில் 160 முதல் 180 முட்டை வரை இடும். அதே நிறுவனத்தின் வனராஜா 100 முதல் 110 வரை இடும். நம் ஊர் நாட்டுப்பெட்டை 60, 70 இட்டாலே அதிகம். அசீல் பல இடங்களில் 40-ஐத் தாண்டுவதில்லை. இப்படி வரிசைப்படுத்தினால், நாட்டுக்கோழியை இன்னமும் விடாமல் வைத்திருப்பவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றே தோன்றும். உண்மையில் பட்டியல் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறது. மிச்சப் பாதியில் இருப்பவை கோழி செய்யும் வேலைகள்: அடைகாப்பது, குஞ்சை வளர்ப்பது, இரை தேடுவது, பருந்தைக் கண்டு ஒளிவது. இவற்றில் எதைக் கோழியிடமே விடுவது, எதை நம் தலையில் ஏற்றிக்கொள்வது என்ற முடிவைத்தான் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் எடுக்கிறோம். அதைத் தெரிந்து எடுப்பவர் குறைவு.

முதலில், கூண்டுக்கோழியின் 300 முட்டை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். காட்டுக்கோழி ஓர் ஆண்டில் இடுவது பத்துப் பதினைந்து முட்டைதான். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு இட்டதும் நிறுத்திவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். முட்டைகள் வயிற்றில் படப்பட, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அதன் விளைவாகச் சூலகம் சுருங்கி, முட்டை உருவாவது நின்றுபோகிறது. நாட்டுப்பெட்டையும் இதே வழியில்தான் நடக்கிறது. மூன்று வாரத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இடும். 21 நாள் அடைகாக்கும். அதற்குப் பிறகு இரண்டு மாதமோ சற்று மேலேயோ குஞ்சுகளோடு திரியும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ நான்கு மாதம் ஆகிறது. ஆண்டுக்கு மூன்று சுற்று, சில கோழிகளுக்கு நான்கு. முட்டை எண்ணிக்கையை மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தாய்க்கோழியைத் தெரிந்தெடுத்தால் என்ன ஆகும்? அடையில் உட்காரும் கோழி அத்தனை மாதமும் முட்டையிடாமல் இருப்பதால் அது தானாகவே கழிந்துபோகும். உட்காராத கோழி நிலைக்கும். வெள்ளை லெகார்னில் நடந்தது இதுதான். இன்று நாமக்கல் வட்டாரக் கூண்டுகளில் ஆண்டுக்கு 300-க்கு மேல் முட்டையிடும் கலப்பினங்கள் அந்த வழியில் வந்தவை. அவற்றுக்கு அடை என்பதே ஏறக்குறைய மறந்துபோன செயல். நாட்டுப்பெட்டையின் 60-க்கும் கூண்டுக்கோழியின் 300-க்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு பகுதி திறமை வேறுபாடு என்றால், இன்னொரு பெரும் பகுதி, தாயாக இருப்பதற்கு நாட்டுப்பெட்டை செலவிடும் காலம்.

அந்தக் காலத்தில் அது என்ன செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் வேலையின் கனம் புரியும். கூடையில் மணலோ உமியோ பரப்பி அவயத்துக்கு வைத்தபின், கோழியின் நெஞ்சுப்பகுதியில் இறகு உதிர்ந்து, இரத்த ஓட்டம் மிகுந்த வெறுந்தோல் நேராக முட்டையில் படுகிறது. அலகால் முட்டைகளை நாளுக்குப் பலமுறை புரட்டிவிடும். ஓரத்து முட்டையை நடுவுக்கும், நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளும். கரு ஓட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இந்தப் புரட்டல் அவசியம். நாளுக்கு ஒரு தடவை எழுந்து போய், தண்ணீர் குடித்து, இரை பொறுக்கி, எச்சமிட்டுவிட்டு, முட்டை ஆறிப்போவதற்குள் திரும்பிவிடும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்துவதற்கு வெளியிலிருந்து பதில் குரல் கொடுக்கும். பொரித்தபிறகு வேலை இன்னும் கூடுகிறது. ஏதாவது இரை கிடைத்தால் அதைக் கொத்தித் தூக்கிப் போட்டுப் போட்டுக் குஞ்சுகளை அழைக்கிற குரல் வேறு. வானில் பருந்து தெரிந்தால் எழுப்புகிற குரல் வேறு. தரையில் கீரியோ நாயோ வந்தால் எழுப்புகிற குரல் வேறு. குளிரடித்தால் இறக்கை விரிகிறது. எதைத் தின்பது, எதிலிருந்து ஓடுவது என்ற பாடத்தைக் குஞ்சு தாயிடமிருந்துதான் கற்கிறது.

இங்கே உடனடியாக ஒரு மறுப்பு வரும்: அடைகாக்கக் கோழி எதற்கு, ஐம்பது முட்டை, நூறு முட்டை பிடிக்கும் சிறிய இன்குபேட்டர்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றனவே? கிடைக்கின்றன, நன்றாகப் பொரிக்கவும் செய்கின்றன. ஆனால் இன்குபேட்டர் எடுத்துக்கொள்வது 21 நாள் வேலையை மட்டும்தான். அதற்குப் பிந்தைய இரண்டு மாதம் அப்படியே மிஞ்சுகிறது. முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நடு இரவில் மின்சாரம் போனால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். புரதம் மிகுந்த குஞ்சுத்தீவனம் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஓரிடத்தில் அடைத்து வளர்ப்பதால் படுக்கை ஈரமானதும் இரத்தக்கழிச்சல் தலைகாட்டும். அப்படி வளர்த்து வெளியே விட்ட குஞ்சுக்குப் பருந்து என்றால் என்னவென்று தெரியாது. 500 குஞ்சு வளர்ப்பவருக்கு இந்தச் செலவுகள் தலைக்குக் கொஞ்சமாகப் பிரியும். பத்துக் குஞ்சு வளர்ப்பவருக்கும் அதே விளக்கு, அதே இரவுக்காவல்தான். பெரிய அளவில் கட்டுப்படியாகும் இனம் சிறிய அளவில் கட்டுப்படியாகாமல் போவதற்கு முதல் காரணம் இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு மூன்று முறை அடையில் உட்காருகிறது. ஒவ்வொரு முறையும் 12 முட்டை வைத்து, கூமுட்டை போக 10 குஞ்சு பொரிக்கிறது என்று கொள்வோம். அவிழ்த்துவிட்டு வளர்க்கும் இடங்களில் இரண்டு மாதத்துக்குள் பாதிக் குஞ்சு போய்விடுவது சாதாரணம். ஆக, சுற்றுக்கு 5, ஆண்டுக்கு 15 கோழி தேறுகிறது. இப்போது இதே கோழியைச் சுற்றுக்கு நான்கு முட்டை கூடுதலாக இடும் ஒன்றாக மாற்றினால், கோழியின் வயிற்றுக்கடியில் கொள்ளும் முட்டைகளின் எண்ணிக்கை மாறப்போவதில்லை என்பதால், நமக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 12 முட்டை கூடுதல். முட்டை எண்ணிக்கையைத் தொடாமல், சுற்றுக்கு 5 குஞ்சு தேறுவதை 8 ஆக்கினால் கிடைப்பது ஆண்டுக்கு 9 கோழி கூடுதல். 12 முட்டைக்கும் ஒன்றரைக் கிலோ எடையுள்ள 9 கோழிக்கும் சந்தையில் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. இறைச்சியே முதன்மை வருமானமாக உள்ள சிறு வளர்ப்பில் தடை இருக்கும் இடம் முட்டை எண்ணிக்கை அன்று. முதல் எட்டு வாரங்களில் சாகும் குஞ்சுகள். அந்த எட்டு வாரங்களை ஒழுங்குபடுத்தப் பெரிய முதலீடும் தேவையில்லை. முதல் மூன்று நான்கு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, குருணையும் கம்பும் கரையானும் போட்டு, நாம் பக்கத்தில் இருக்கும் நேரங்களில் மட்டும் திறந்துவிட்டாலே பெரும்பகுதி இழப்பு தடுக்கப்படும். ஈரச் சாக்கும் காய்ந்த சாணமும் திணித்த பானையை மாலையில் கரையான் உள்ள மண்ணில் கவிழ்த்துவைத்து, காலையில் எடுத்துக் குஞ்சுகள் முன் தட்டும் பழக்கம் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. விலையில்லாத புரதத் தீவனம் அது.

இதைச் சொல்லும்போது இன்னொரு தவறான நம்பிக்கையை மறுத்தாக வேண்டும். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று பலரும் சொல்கிறார்கள். வெள்ளைக் கழிச்சல் எந்த இனத்தையும் விடாது. ஒரு வாரத்தில் ஊர்க்கோழிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகும். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமும், தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணைத் தடுப்பு மருந்தும் நாட்டுக்கோழி வளர்ப்பவருக்காகவே உள்ளவை. எந்த இனத்தை எடுத்தாலும் இந்த ஒரு வேலை நம்முடையதுதான்.

அடுத்தது தீவனம். 1990-களின் தொடக்கத்தில் இலங்கையின் கிராமங்களில் மேய்ந்து திரியும் கோழிகளின் இரைப்பையைத் திறந்து பார்த்து ஓர் ஆய்வு நடந்தது. உள்ளே இருந்ததில் ஏறத்தாழ முக்கால் பங்கு வீட்டுக் கழிவு: சோறு, தேங்காய்த் துருவல் மிச்சம் போன்றவை. புல், பூச்சி, சிந்திய நெல் எல்லாம் சேர்ந்து மீதிக் கால் பங்கு. கோழி காட்டில் மேய்ந்து தானே வளர்கிறது என்ற எண்ணத்துக்கு இது நேர்மாறான சான்று. மேயும் கோழியின் உணவுக்கு ஓர் எல்லை இருக்கிறது; அந்த எல்லையை வகுப்பது எத்தனை வீடுகள் எவ்வளவு மிச்சம் கொட்டுகின்றன என்பது. அந்த எல்லைக்குள் பெரிய உடல் கொண்ட கோழியை விட்டால் என்ன நடக்கும் என்று கணிக்கலாம். ஒரு விலங்கு உயிரோடு இருப்பதற்கு மட்டும் செலவிடும் ஆற்றல், உடல் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. ஒன்றரைக் கிலோ சிறுவிடை நாட்டுக்கோழியையும் மூன்று கிலோ வனராஜாவையும் ஒப்பிட்டால், பெரியதற்கு வெறுமனே நிற்பதற்கே சிறியதைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு இரை தேவை. வேண்டியது கிடைத்தால் அது கூடுதலாக இடும். கிடைக்காவிட்டால் முதலில் நிற்பது முட்டைதான். உடலைக் காப்பாற்றிக்கொண்ட பிறகுதான் எந்த உயிரும் இனப்பெருக்கத்துக்குச் செலவிடும். சுண்ணாம்புச் சத்தும் அப்படியே. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு கோழியின் மொத்த எலும்புக்கூட்டில் இருப்பது 20 கிராம் அளவில். ஆண்டுக்கு 180 முட்டை இடும் கோழி, தன் எலும்புக்கூட்டைப்போல் பதினெட்டு மடங்கு கால்சியத்தை ஓடாக வெளியே விடுகிறது. கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல்லோ தனியாக வைக்காதவரிடம் அந்தக் கோழி ஒன்று முட்டையைக் குறைக்கும், இல்லையேல் எலும்பைக் கரைக்கும்.

வெளிச்சமும் இப்படிப்பட்ட நிபந்தனைதான். முழு உற்பத்தியில் உள்ள முட்டைக்கோழிக்கு நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் தருகிறார்கள். தமிழ்நாட்டில் பகல் பொழுது ஏறத்தாழ பதினொன்றரை மணியிலிருந்து பன்னிரண்டே முக்கால் மணிக்குள்தான் ஏறி இறங்குகிறது. விளக்குப் போடாத கொட்டகையில் பட்டியலின் எண் எட்டாது.

இறைச்சிப் பக்கம் வருவோம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வழிகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் 1957-ஆம் ஆண்டு வழி 905 கிராம், 1978-ஆம் ஆண்டு வழி 1,808 கிராம், 2005-ஆம் ஆண்டு பிராய்லர் 4,202 கிராம். தீவனம் ஒன்றே என்பதால் இந்த வேறுபாடு முழுக்க மரபணுவின் வேலை. இந்தக் கதையில் நம் நாட்டுக் கோழிக்கும் ஒரு பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினர் இந்தியாவிலிருந்து போன அசீலைக் கலந்து ஒரு சண்டைக்கோழி உருவாக்க முனைந்தார்கள். சண்டைக்கு உதவாத அந்தக் கார்னிஷ் கோழியின் அகன்ற நெஞ்சுக்கறி பின்னாளில் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் 1948-இல் நடந்த ‘நாளைய கோழி’ போட்டியில் வென்றது கார்னிஷும் நியூ ஹாம்ப்ஷயரும் கலந்த ஒரு கலப்பினம். இன்றைய பிராய்லரின் வரலாறு அங்கிருந்து வேகம் பிடிக்கிறது. ஆனால் இந்த வளர்ச்சிக்குக் கொடுத்த விலையைப் பிராய்லரின் தாய்க்கோழியிடம் பார்க்கலாம். அதை இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் கொழுத்து, முட்டையிடும் ஒழுங்கு கெட்டுவிடுகிறது. ஆகவே வளரும் பருவத்தில் பசிக்குத் தின்னும் அளவில் பாதிக்கும் குறைவாகவே அளந்து போடுகிறார்கள். வளர்ச்சிக்கும் முட்டைக்கும் இடையே மரபிலேயே ஒரு முரண் இருக்கிறது. ஒன்றைத் தீவிரமாகக் கூட்டினால் மற்றது இறங்குகிறது. மறுபக்கத்துச் சான்று ஜெர்மனியில் இருக்கிறது. முட்டையினத்தின் சேவல் குஞ்சுகளை வளர்த்தால் போடும் தீவனத்துக்குக் கறி கட்டாது என்று, பொரித்த அன்றே கொன்றுவந்தார்கள். 2022-இல் அந்நாடு அதற்குத் தடை விதித்தது. தடைக்கு முன்பே இருபயன் இனங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். பெட்டைகள் முட்டையில் பின்தங்கின, சேவல்கள் எடையில் பின்தங்கின. இறைச்சி, முட்டை இரண்டிலும் முதலிடம் என்று விளம்பரம் செய்யப்படும் எந்த இனத்தையும் இந்த அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் புறக்கடைக்கென்றே உருவாக்கிய இனங்கள் வீணா என்று கேட்கலாம். இல்லை. இந்தக் கேள்விக்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. குருகிராமைச் சேர்ந்த கெக்ஃபார்ம்ஸ் நிறுவனம் உருவாக்கிய குராய்லர் கோழியை 2010 வாக்கில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் உகாண்டாவுக்குக் கொண்டுபோய்க் கிராமங்களில் சோதித்தது. அவிழ்த்துவிட்டு மேய்ந்த நிலையிலும் அவ்வூர்க் கோழிகளைவிட அது நன்றாக எடை போட்டது, கூடுதலாக முட்டையும் இட்டது. இந்தியாவிலும் மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் அது பரவியது. ஆனால் எப்படிப் பரவியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொரிப்பகத்திலிருந்து வந்த ஒரு நாள் குஞ்சு நேராக வீட்டுக்குப் போகவில்லை. இடையில் தாய்ப்பண்ணை என்று ஒன்று இருந்து, மூன்று வாரம் வெப்பத்தில் வைத்து, தடுப்பூசி போட்டு வளர்த்தது. அதன் பிறகுதான் சைக்கிள் வியாபாரிகள் கூடையில் எடுத்துப்போய் வீடு வீடாக விற்றார்கள். தாய்க்கோழி செய்யும் வேலையைத் தாய்ப்பண்ணை எடுத்துக்கொண்டது. அந்த ஏற்பாடு நம் பக்கத்தில் இருந்தால், மூன்று நான்கு வாரக் குஞ்சாகவே நம்பிக்கையாகக் கிடைத்தால், வனராஜாவோ கிராமப்பிரியாவோ நல்ல தேர்வுதான். ஒரு நாள் குஞ்சாகத்தான் கிடைக்கும் என்றால் கணக்கு வேறு. இரண்டாவது நிபந்தனையும் உண்டு. இவை கலப்பின வழிகள்; இவற்றின் முட்டையைச் சேர்த்துவைத்துப் பொரித்தால் அடுத்த தலைமுறை தாயைப்போல் வராது, பண்புகள் சிதறிவிடும். குஞ்சுக்காக ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்துக்குப் போயே ஆக வேண்டும்.

ஆகவே தேர்வு ஆளுக்கு ஆள் மாறும். நகரத்தில் சுற்றுச்சுவருக்குள் ஐந்தாறு கோழி வைத்து வீட்டுக்கு முட்டை மட்டும் போதும் என்பவர், பருவத்தை நெருங்கிய கிராமப்பிரியா விடைக்கோழிகளை வாங்கித் தீவனமும் கிளிஞ்சலும் போட்டு வளர்ப்பதே சிக்கனம். நாட்டுப்பெட்டை அவருக்கு ஆண்டில் பாதி நாள் முட்டையில்லாத வீட்டைத்தான் தரும். திருவிழாவுக்கோ பண்டிகைச் சந்தைக்கோ ஒரே தொகுதியாகக் கறிக்கோழி வேண்டும் என்பவருக்கு வண்ணப் பிராய்லர் வகை பொருந்தும், வாங்கி வளர்த்து விற்று முடித்துவிடலாம். தோட்டம், களம், வீட்டு மிச்சம் உள்ள கிராமத்து வளர்ப்பாளருக்கு, கைக்காசு அதிகம் போடாமல் ஆண்டு முழுக்க இரண்டு மூன்று கோழியாக விற்கத் தோதானது சிறுவிடைதான். உடல் சிறியது, அடை நன்றாகக் காக்கும், இரை தேடும், எதிரியைக் கண்டால் பறந்து மரமேறும். பெருவிடையும் அசீலும் எடை கூடியவை, நல்ல தாய்கள், விலையும் கூடக் கிடைக்கும். ஆனால் முட்டை குறைவு, சேவல்களைச் சேர்த்து விட முடியாது. இரண்டையும் கலந்து செய்கிற வழியும் உண்டு. அடையில் உள்ள நாட்டுப்பெட்டைக்கு இரவு நேரத்தில், வாங்கிவந்த ஒரு நாள் குஞ்சுகளை அடியில் வைத்துவிட்டால் பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். பொரிப்பகத்தின் வேகமும் தாய்க்கோழியின் காவலும் ஒன்றாகக் கிடைக்கும்.

கருங்கோழி எனப்படும் கடக்நாத் பற்றி ஒரு வார்த்தை. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய அந்தக் கோழிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு தமிழ்நாட்டிலும் பலர் விலையைப் பார்த்து வாங்கினார்கள். கறுப்பு நிறம் மெலனின் நிறமி உடல் முழுக்கப் பரவுவதால் வருவது. அடைகாப்பதில் அந்த இனம் சுமார்தான். கூடுதல் விலை தரும் வாடிக்கையாளர் ஏற்கெனவே இருந்தாலொழிய, சிறு வளர்ப்பாளர் அதை முதல் இனமாக எடுப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நாட்டுக்கோழியை இப்படியே வைத்துக்கொண்டால் அது என்றைக்கும் 60 முட்டையிலும் ஆறு மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவிலும்தானே நிற்கும்? நிற்கும் என்பது உண்மை, யாரும் தெரிந்தெடுக்காதவரை. நம் வழக்கம் இதற்கு நேர் எதிராகவே நடக்கிறது: நன்றாக வளர்ந்த சேவல்தான் முதலில் விலை போகிறது, அல்லது கோயில் நேர்த்திக்கு அறுபடுகிறது, எஞ்சி நிற்கும் நோஞ்சான்தான் அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. வெளியிலிருந்து கிரிராஜா, வனராஜா சேவல்களைக் கொண்டுவந்து விட்டால் முதல் தலைமுறையில் எடை கூடுவதைப் பார்க்கலாம். ஆனால் அடைப்பண்பு ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களில் பரவியிருப்பதால், இரண்டு மூன்று தலைமுறையில் அது நீர்த்துப்போவதையும் பார்க்கலாம். அடைகாக்காத பெட்டைகள் ஊர் முழுக்கப் பெருகிய பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள மூலம் இருக்காது. உள்ளுக்குள்ளேயே தெரிந்தெடுப்பது மெதுவான வழி, ஆனால் ஒரு குறிப்பேட்டுக்கு மேல் செலவில்லாத வழி. ஒவ்வொரு பெட்டைக்கும் காலில் ஒரு வண்ண நூல் கட்டி, எத்தனை முட்டை வைத்தோம், எத்தனை பொரித்தது, இரண்டாம் மாதக் கடைசியில் எத்தனை குஞ்சு மிஞ்சியது என்று எழுதிவந்தால், ஒரே முற்றத்தில் மேயும் கோழிகளுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று ஓர் ஆண்டிலேயே தெரிந்துவிடும். அதிகக் குஞ்சு தேற்றிய தாயின் மகன்களில் எடையான ஒன்றை விற்காமல் நிறுத்திவைக்க வேண்டும். அதே சேவல் தன் மகள்களோடும் சேர்ந்துவிடாமல் இருக்க, அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, இதே முறையில் குறித்துவரும் வேறு ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவருடைய சேவலை வாங்கிக்கொள்ளலாம்.